"இயல்பாக இருங்கள்" என்று சொல்வதை நிறுத்திய பிறகு: தற்படமும் பாவனையற்ற முகமும்

சாளரவெளிச்சம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. 18 ஆண்டுகளாக மனித முகங்களைப் படமெடுத்து வருகிறேன். இந்தக் காலம் முழுவதும் என் வாயிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த சொற்கள் "கொஞ்சம் இயல்பா இருங்க" என்பவை. சென்ற ஆண்டு என் எதிரே அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவர், நான் அப்படிச் சொன்னதும் கைகளை மடியில் இப்படியும் அப்படியும் மாற்றிவைத்துப் பார்த்துவிட்டு, "அதை எப்படிச் செய்யறதுன்னு நீங்களே ஒருமுறை காட்டுங்களேன்" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலையே முக்காலியில் கேமராவைப் பொருத்தி, அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் எடுத்த 40 படங்களிலும் ஒரே முகம்தான் இருந்தது. மோவாய் சற்றே உயர்ந்து, இதழ்கள் இறுகி, மூச்சு அடங்கி, கண்கள் வலிய விரிந்திருக்கும் முகம் அது. மற்றவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்லிவந்த ஒவ்வொன்றையும் ஒன்றுவிடாமல் நானே செய்திருந்தேன். டைமரின் சிறு விளக்கு முதலில் நிதானமாகவும், கடைசி 2 நொடிகளில் படபடவென்றும் மினுக்கும்போது, தோள்கள் என் அனுமதியில்லாமலே மேலேறுவதை உணர்ந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும், யாரோ பார்க்கப்போகிறார் என்ற நினைப்பு ஒன்றே என் உடலைக் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில், 10 நொடிகளுக்கு ஒருமுறை கேமரா தானாகவே படமெடுக்கும்படி அமைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டையின் கைப்பட்டையிலிருந்து ஒரு பொத்தான் அறுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டது. குனிந்து, தடவித் தேடி, அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்த நேரத்தில் ஷட்டர் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தில் நெற்றியில் முடி விழுந்து ஒரு கண்ணைப் பாதி மறைத்திருக்கிறது. வாய் இலேசாகத் திறந்திருக்கிறது. உள்ளங்கையில் இருக்கும் பொத்தானை, அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் நூலை, பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை சற்றே அசைந்து கலங்கியிருக்கிறது. மற்ற படங்களையெல்லாம் ஒரு சொல்லும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த என் அக்கா, இதில் மட்டும் விரலை நிறுத்தி, "இதுதான் நீ" என்றார்.

அன்றிலிருந்து ஓர் எண்ணம் என்னை விடவில்லை. பாவனையை நீக்கிவிட்டால் இயல்பு எஞ்சும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். நீக்கு என்று சொல்வதே ஒரு பாவனைக்கான கட்டளை என்பது எனக்குப் புரியாமல் போயிற்று. முகம் இயல்பாவது அதன் கவனம் தன்னைவிட்டு வேறொன்றின் மீது முழுமையாகப் போய்ச் சேரும்போதுதான் என்று இப்போது நினைக்கிறேன். உங்களில் தற்படம் எடுத்துப் பார்த்தவர்கள், மற்றவர்களை இயல்பாகப் படமெடுப்பதில் அது ஏதேனும் மாற்றத்தைக் கொண்டுவந்ததா என்று சொல்ல வேண்டுகிறேன்.

இருட்டறை

நல்ல இழை. வரலாற்றிலிருந்து இரண்டு படங்களை இங்கே வைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் கருத்து ஒளிப்படத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

1839இல் ஃபிலடெல்ஃபியாவில் விளக்குத் தொழில் செய்துவந்த ராபர்ட் கொர்னீலியஸ் தன்னையே எடுத்த டாகெரோடைப் (பிரெஞ்சுக்காரர் டாகெர் கண்ட முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும்) படம், இன்று நமக்குக் கிடைக்கும் ஒளிப்படத் தற்படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. டாகெரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. படத்தின் பின்புறத்தில், இதுவே எடுக்கப்பட்ட முதல் ஒளிச்சித்திரம் என்னும் பொருள்பட எழுதியிருக்கிறது. அதில் அவர் சட்டகத்தின் நடுவில் இல்லை, ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கிறார். தலைமுடி கலைந்திருக்கிறது, கைகள் மார்பின் குறுக்கே கட்டப்பட்டிருக்கின்றன, பார்வை நம்மைக் கடந்து எங்கோ போகிறது. இன்றைய இளைஞர் ஒருவரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று பலரும் வியப்பதற்குக் காரணம் என்ன என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். உங்கள் பொத்தான் கதையைப் படித்ததும் எனக்கொரு விடை தோன்றியது. அந்த மனிதரின் கவனம் தகட்டின் மீது இருந்தது. வெளிச்சம் போதுமா, அசையாமல் இருக்கிறோமா, ஏதாவது பதியுமா என்ற கேள்விகளுக்கு நடுவே, தான் எப்படித் தோன்றுகிறோம் என்ற கவலைக்கு இடமே இருந்திருக்காது.

அதே முறை தொழிலாகப் பரவியதும் நிலைமை தலைகீழானது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருந்ததால், தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாங்கிகள் படப்பிடிப்பு நிலையங்களில் வழக்கத்துக்கு வந்தன. நம் மூதாதையர் படங்களில் காணும் அந்த விறைப்பைக் குணத்தின் அடையாளமாக எண்ணுகிறோம். அதில் பெரும்பகுதி இரும்பின் விறைப்பு.

இரண்டாவது படம் 1840இல் ஹிப்போலைட் பயார் எடுத்தது. நெகட்டிவ் இல்லாமல் காகிதத்தில் நேரடியாகப் படமெடுக்கும் முறையைத் தாமே கண்டறிந்தும், பிரெஞ்சு அரசின் அங்கீகாரம் டாகெருக்கே போய்விட்ட ஆதங்கத்தில், நீரில் மூழ்கி இறந்தவராகத் தம்மைச் சாய்த்துவைத்துப் படமெடுத்தார். இந்தப் பிணம் பயாருடையது என்று பின்புறத்தில் எழுதியும் வைத்தார். முழுக்க முழுக்க நடிப்பு. ஆனாலும் அவருடைய மனக்குறையை அதைவிட உண்மையாக எந்த இயல்பான முகமும் சொல்லியிருக்காது. எனவே பாவனை என்றாலே பொய் என்ற முடிவுக்கு நாம் விரைந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நெடுந்தொலைவு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தெருவில் படமெடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேமரா இருப்பது தெரிந்துவிட்டால் இயல்பு அங்கே முடிந்துவிட்டது. தொடக்கப் பதிவில் வரும் படம்கூட, அந்த நொடியில் கேமரா மறந்துபோனதால்தான் கிடைத்தது. அப்படியானால் தெரியாமல் எடுப்பதுதானே நேரான வழி?

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் செய்தது அதைத்தான். கான்டாக்ஸ் கேமராவின் பளபளக்கும் பாகங்களில் கறுப்பைப் பூசி, மேலங்கிக்குள் மறைத்து, பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்கும்படி வைத்து, ஷட்டர் கம்பியைச் சட்டைக் கைக்குள் இறக்கி, எதிர் இருக்கையில் இருந்தவர்களை எடுத்தார். தனியறையில் இருக்கும்போதைவிட ரயிலில்தான் மனித முகங்கள் முழுமையாகத் திரை விலகிக் கிடக்கின்றன, ஏனென்றால் தனியறையில் கண்ணாடி இருக்கிறது என்ற கருத்தில் அவர் எழுதியிருப்பது எனக்கு வேதவாக்கு. அந்தப் படங்களில் இருக்கும் களைப்பும் வெறித்த பார்வையும் எந்தப் படப்பிடிப்பு நிலையத்து நாற்காலியிலும் கிடைக்காது. தற்படம் எடுப்பவர் தம்மைத் தாமே ஒளிந்திருந்து பார்க்க முடியாது என்பதால், அது என்றைக்குமே இயல்புப் படம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தில் இல்லாதவர்

நான் ஒளிப்படக் கலைஞர் இல்லை. இந்த மன்றத்தில் பல நாள்களாக வாசிப்பவர் மட்டுமே. முந்தைய பதிவைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் என்னை அறியாமல் ஒருவர் என்னைப் படமெடுத்தார். அப்போதுதான் தொலைபேசியில் வந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு, எழுந்து வெளியே போகக் கால் வராமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை அவர் தம் பக்கத்தில் வெளியிட்டார். ஆழ்ந்து கேட்கும் பார்வையாளர் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார். வெளிச்சம் அழகாக விழுந்திருப்பதாகப் பலர் பாராட்டியிருந்தார்கள். நான் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என் வாழ்வின் மிகக் கடினமான பத்து நிமிடங்களில் ஒன்று அது. படம் இயல்பானதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த முகத்துக்கு அவர் கொடுத்த பொருள் முழுக்கத் தவறு; அதை மறுத்துச் சொல்லும் வாய்ப்பும் எனக்கு இருக்கவில்லை. நீக்கச் சொல்லி எழுதினேன். நல்ல படம், ஏன் வருந்துகிறீர்கள் என்று பதில் வந்தது.

தெரியாமல் எடுத்தால் உண்மை கிடைத்துவிடும் என்கிறீர்கள். முகத்தின் தசைகள் கிடைக்கும். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்த மனிதரிடம் கேட்காமல் எப்படி அறிவீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பிருந்தே படத்தில் என் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. கண்ணாடியில் பார்க்கும்போது அந்த வெறுப்பு வருவதில்லை. ஏன் என்று யாருக்காவது தெரியுமா?

சாளரவெளிச்சம்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்தப் பதிவுக்காகவே இழையைத் தொடங்கியதுபோல் உணர்கிறேன். அந்தப் படம் உங்களுக்குச் செய்தது சிறு தவறில்லை.

முதலில் கண்ணாடிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நான் நெடுநாள் உழன்றிருக்கிறேன். எந்த முகமும் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று மேலே, வாயின் ஒரு கோடி சற்றுக் கீழே, வகிடு ஒரு பக்கம். நீங்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்துப் பழகியது இடவலம் மாறிய உங்கள் பிம்பத்தை. மற்றவர்கள் பழகியது மாறாத முகத்தை. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் இதைச் சோதித்தார்கள். ஒருவருடைய படத்தையும் அதன் கண்ணாடிப் பிரதியையும் அவரிடமே காட்டியபோது பெரும்பாலோர் கண்ணாடிப் பிரதியை விரும்பினார்கள். அவருக்கு நெருங்கியவர்களோ இடவலம் மாறாத படத்தை விரும்பினார்கள். பழகியது பிடிக்கிறது, அவ்வளவுதான். என் 40 படங்களையும் கணினியில் இடவலம் திருப்பிப் பார்த்தேன். சட்டென்று பாதி எரிச்சல் அடங்கிவிட்டது. அதே படங்களைத் திருப்பி அக்காவிடம் காட்டியபோது, "இதில் ஏதோ சரியில்லை" என்றார்.

இன்னொரு காரணம் தூரம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். ஆகவே காதோடு ஒப்பிடும்போது மூக்கு உள்ளதைவிட 40 விழுக்காடு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் இந்த வேறுபாடு 8 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. லென்ஸின் மீது பழிபோடுகிறோம். உண்மையில் தோற்றத்தை மாற்றுவது நிற்கும் தூரம். செல்ஃபியைப் பார்த்துத் தன் மூக்கை வெறுத்த எத்தனையோ பேரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். இரண்டு எட்டுப் பின்னால் போயிருந்தாலே போதும்.

இனி நெடுந்தொலைவு அவர்களுக்கு. எவன்ஸின் படங்களை நானும் மதிக்கிறேன். ஆனால் எடுத்த படங்களை அவர் நூலாக வெளியிட்டது 1966இல், கால் நூற்றாண்டு கழித்து. எடுப்பதையும் காட்டுவதையும் அவர் ஒரே செயலாகக் கருதவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். இன்று நம் கையில் இந்த இரண்டுக்கும் நடுவே சில நொடிகள்கூட இல்லை.

தெரிந்தே உட்கார்ந்தவரிடமிருந்தும் இயல்பைப் பறித்திருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ஒளிப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ், சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று பிடுங்கிவிட்டு, அந்த நொடியின் சினத்தைப் பதிவு செய்தார். 1957இல் இன்னொரு ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன், நாய்களை உயிராக வளர்த்த வின்ட்ஸர் கோமகன் இணையரிடம் (பிரிட்டனின் முன்னாள் மன்னர் எட்டாம் எட்வர்டும் அவர் மனைவியும்), வரும் வழியில் தம் வாடகைக் கார் ஒரு நாயின் மீது ஏறிவிட்டதாகப் பொய் சொல்லி, அவர்கள் முகம் சுருங்கிய கணத்தை எடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டும் பெரிய படங்கள். இரண்டிலும் கவனம் வேறிடத்துக்குப் போனதால்தான் முகம் திறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கார்ஷ் செய்ததை என்னால் ஏற்க முடிகிறது, அவெடன் செய்ததை ஏற்க முடியவில்லை. சுருட்டைப் பிடுங்கியவர் எதிரே நின்றார். சினம் அவர் மீதே பாய்ந்தது. சர்ச்சிலுக்கு என்ன நடந்தது என்பது தெரியும். நாயின் கதையிலோ, எதிரே இருந்தவர்களுடைய இரக்கமே அவர்களுக்கு எதிரான கருவியாக்கப்பட்டது.

நெடுந்தொலைவு

படத்தில் இல்லாதவருக்கு என் வருத்தத்தை முதலில் தெரிவிக்கிறேன். என்னிடமிருக்கும் படங்களிலும் அப்படிப்பட்ட முகங்கள் இருக்கக்கூடும் என்ற நினைவு இரண்டு நாள்களாக உறுத்துகிறது.

சட்டம் எங்கள் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஒளிப்படக் கலைஞர் பிலிப் லோர்க்கா டிகார்சியா 1999 முதல் 2001 வரை நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒளிவிளக்கை உயரே பொருத்தி, தொலைவிலிருந்து வழிப்போக்கர்களின் தலைகளை எடுத்தார். படத்தில் இருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, 2006இல் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தப் படம் கலை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பல நாள் இதையே வாதமாக வைத்திருந்தேன். நீதிமன்றம் விடை சொன்னது உரிமை பற்றிய கேள்விக்கு. நீங்கள் கேட்பது அந்த முகத்தின் பொருளை யார் சொல்வது என்பது. இரண்டும் வேறு என்பதை உங்கள் பதிவுக்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

தெருவில் எடுப்பதை நான் நிறுத்தப்போவதில்லை. ஒரு சந்தில் நூறு பேர் நடந்து போகும் காட்சியின் உயிர், அவர்கள் யாரும் நமக்காக நிற்காததில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால், எடுத்த பிறகாவது அவரிடம் போய்க் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

நேற்று இரவு தற்படம் எடுக்கவும் முயன்றேன். 85 மில்லிமீட்டர் லென்ஸ், அதன் துளை எஃப் 1.8க்கு அகலத் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரம். 60 படங்களில் 50க்கு மேல் குவியம் தவறிவிட்டது. ஒன்றில் காது மட்டும் தெளிவாக இருக்கிறது. நீங்களெல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இருட்டறை

அந்த அமைப்பில் தெளிவாகப் பதியும் ஆழம் மொத்தமே 3 சென்டிமீட்டர் அளவுதான். மூச்சு விட்டாலே கண் அதிலிருந்து வெளியேறிவிடும். துளையைச் சுருக்கி எஃப் 5.6க்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கிடைக்கும். முகத்துக்கு அது போதும். நீங்கள் உட்காரும் இடத்தில், உங்கள் கண் உயரத்துக்கு ஒரு கம்பையோ விளக்குத் தண்டையோ நிறுத்தி, அதன்மீது குவியம் வைத்து, பிறகு தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். நாற்காலியின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டுங்கள். கண்ணைத் தொடரும் வசதியுள்ள புதிய கேமரா என்றால் இந்தத் தொல்லை இல்லை. கைபேசியோடு இணைத்துத் திரையில் உங்களையே பார்த்துக்கொண்டு எடுக்கும் வசதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது மறுபடியும் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும்.

கண்ணாடியை வைத்தே கண்ணாடியைக் கடந்தவர்களும் உண்டு. ஒளிப்படக் கலைஞர் இல்சே பிங் 1931இல் தம் லைக்கா கேமராவோடு எடுத்த தற்படத்தில், ஒரு கண்ணாடியில் அவருடைய நேர்முகமும் மற்றொன்றில் பக்கவாட்டு முகமும் தெரிகின்றன. நம்மைப் பார்க்கும் முகம் ஒன்று, வேலையில் ஆழ்ந்திருக்கும் முகம் இன்னொன்று; ஒரே நொடியில் இரண்டும்.

விவியன் மேயர் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருந்துகொண்டே 1 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, ஏறக்குறைய யாருக்கும் காட்டாமல் 2009இல் மறைந்தவர். கடைச் சாளரங்களிலும், வட்டக் கண்ணாடிகளிலும், தரையில் நீளும் நிழலிலும் தம்மைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார். அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் கேமராவை இடுப்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதனால் முகத்தைக் கேமரா மறைப்பதில்லை. பிறரை எடுக்கும்போதும் இது பெரிய வேறுபாடு: கண்ணுக்கு முன்னால் ஒரு கருவியை உயர்த்திக் குறிபார்க்கும் ஆளுக்கும், தலையைத் தாழ்த்தி நிற்கும் ஆளுக்கும் முன்னால் நம் உடல் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. திரையை மேல்நோக்கி மடக்க முடிந்த எந்த டிஜிட்டல் கேமராவிலும் இதை நீங்கள் செய்துபார்க்கலாம்.

தம்மைத்தாமே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் என்றால், ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் ஷெர்கிலை (1870–1954) நினைக்காமல் இருக்க முடியாது. இளமையிலிருந்து முதுமைவரை பல பத்தாண்டுகள் தம்மையே படமெடுத்திருக்கிறார். அவை நன்றாக யோசித்து அமைக்கப்பட்ட படங்கள்தாம். ஆனால் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எவ்வளவு கவனமாக அமர்ந்தாலும் அவரால் அமைக்க முடியாத ஒன்று, அதாவது காலம், ஒவ்வொன்றிலும் வந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

படத்தில் இல்லாதவர்

சாளரவெளிச்சம் அவர்களே, ஒரு நேரடியான கேள்வி. நான் உங்கள் முன் வந்து அமர்ந்தால், என் பயம் தெரிந்தபின், என்னை எப்படி எடுப்பீர்கள்?

சாளரவெளிச்சம்

பழைய நான் என்றால் உங்களைச் சிரிக்கவைக்க முயன்றிருப்பேன். 1862இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத் தசைகளைப் பற்றி எழுதிய நூலில், வாயின் கோடிகளை நம் விருப்பப்படி உயர்த்திவிடலாம், கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசை அப்படி எளிதில் பணியாது என்று காட்டியிருக்கிறார். "சிரிங்க" என்று சொல்லி எடுத்த என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் வாய் மட்டும்தான் சிரிக்கிறது. ஆகவே அதைச் சொல்ல மாட்டேன். பேச்சுக்கொடுத்து அசந்த நேரத்தில் எடுக்கவும் மாட்டேன். அது நாய்க்கதையின் தங்கை.

நான் செய்வது இது. சாளரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போடுவேன். கேமரா முக்காலியில் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும். நான் அதன் பின்னால் நிற்க மாட்டேன். உங்களுக்கு அருகே இன்னொரு நாற்காலியில் உட்காருவேன். ரிமோட் உங்கள் கையில் இருக்கும். எப்போது அழுத்துவது என்பது உங்கள் விருப்பம். எடுத்தவற்றை நீங்கள் முதலில் பார்ப்பீர்கள், தனியாக. வேண்டாதவற்றை நீங்களே அழிப்பீர்கள். அதன் பிறகு எனக்குக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் முடிவு.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட முதிய பெண்மணியை நான்கு மாதங்களுக்கு முன் மறுபடி அழைத்து இப்படித்தான் செய்தேன். முதல் ஏழெட்டுப் படங்களில் அவர் பழைய வழக்கப்படி விறைத்துக்கொண்டு அழுத்தினார். பிறகு ரிமோட் மேல் ஆர்வம் திரும்பியது. எங்கே விளக்கு எரிகிறது, மெதுவாகத் தொட்டாலும் எடுக்குமா, மறைத்துப் பிடித்தால் வேலைசெய்யுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எழுத்தைப் படிப்பதற்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துணியின் ஓரத்தால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து அழுக்குப் போயிற்றா என்று பார்த்தார். கண்ணாடியின் சட்டம் அழுத்திய இரண்டு சிறு தடங்கள் மூக்கின் இருபுறமும் சிவந்திருந்தன. மடியில் இருந்த மற்றக் கைவிரல் அப்போது தானாக அழுத்தியதா, வேண்டுமென்றே அழுத்தினாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. 26 படங்களில் அவர் வைத்துக்கொண்டது அதை மட்டும்தான். "இதுல நான் வேலையா இருக்கேன்" என்றார்.

நெடுந்தொலைவு அவர்கள் கேட்டதற்கும் இதுவே என் விடை. கேமரா இருப்பது அவருக்குத் தெரியும். தம் விரலாலேயே எடுத்தார். ஆகவே கணக்குப்படி அது தற்படம். ஆனாலும் 18 ஆண்டுகளில் நான் உடனிருந்து கிடைத்த படங்களில் அதைவிட இயல்பான முகம் இல்லை. என்னை நானே எடுத்துப் பார்த்திராவிட்டால் ரிமோட்டை அவர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றியிருக்காது. கேமராவுக்கு முன்னால் அடங்கிப்போன என் மூச்சை நான் உணர்ந்திருக்கவில்லை என்றால், எதிரே இருப்பவர் மூச்சடக்குவது என் கண்ணில் பட்டிருக்காது.

நெடுந்தொலைவு

எஃப் 5.6 பலித்தது. படங்கள் தெளிவாக வருகின்றன. ஆனால் இன்னும் என் முகம் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. 10 நொடி இடைவெளியில் கேமராவை ஓடவிட்டுவிட்டு, பழைய நெகட்டிவ்களைத் தரம்பிரிக்கும் வேலையை அதன் முன்னால் உட்கார்ந்து செய்யப்போகிறேன்.

படத்தில் இல்லாதவர்

உங்கள் அழைப்புக்கு நன்றி. நேரில் வருமுன் வீட்டிலேயே முயன்றேன். என்னிடம் இருப்பது கைபேசி மட்டும். புத்தக அடுக்கின் மீது சாய்த்துவைத்து, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். ஏழு படங்கள் எடுத்தேன். ஆறை அழித்துவிட்டேன்.

ஏழாவதில் சாளரத்தின் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்றில் அது மெல்ல ஆடி மரத்தில் தட்டிக்கொண்டிருந்த சத்தம்கூட நினைவிருக்கிறது. புருவம் சுருங்கியிருக்கிறது. அழகான படம் என்று சொல்ல மாட்டேன். இடவலம் திருப்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. இன்னும் யாருக்கும் காட்டவில்லை; இங்கேயும் இடப்போவதில்லை. ஆனால் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.